சாலைக் காவலும் சாலைக் கல்வியும் – மிதிவண்டியை முன்வைத்து ஒரு நோக்கு

தோற்றுவாய்

தமிழிலக்கியம் அறிந்த சாலை விபத்துகளுள் புகழ்பெற்றது திருவாரூர் வீதியில் நிகழ்ந்தது. மனுநீதிச் சோழனின் மைந்தன் ஏறிச் சென்ற தேரின் காலில் சிக்கிப் பசுங்கன்று ஒன்று மாண்டது. சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியன் அவையில் தன் நாட்டின் பெருமை கூறுமிடத்து இதனைச் சுட்டுகின்றாள். பெரியபுராணத்தில் சேக்கிழார் இதனை விரித்துப் பாடுகின்றார். அரசனின் நீதியை வியப்பதற்கே இக்கதையை நாம் வகுப்பறைகளில் எடுத்தாண்டு வந்துள்ளோம். ஆயின் சேக்கிழார் காட்டும் நுட்பம் ஒன்று ஈண்டு நோக்கத்தக்கது. கன்று ஒருவரும் அறியா வண்ணம் துள்ளி வந்து தேர்க்காலில் விழுந்தது என்கிறார் அவர். இளவரசன் வேண்டுமென்றே செய்தானல்லன். அமைச்சர்களும் கழுவாய் ஒன்று கூறி வழக்கை முடிக்கவே முயன்றனர். மன்னன் அதனை ஏற்றிலன். வீதியில் வலியது எதுவோ, அதனைச் செலுத்துபவன்மீதே பொறுப்பு என்பது அவன் கண்ட முறை.

இன்று சாலையில் மிதிவண்டிச் சிறுவன் ஒருவன் அடிபட்டுக் கிடக்கும்போது, சூழ்ந்து நிற்போர் முதலில் கேட்கும் கேள்வி 'இவன் ஏன் குறுக்கே வந்தான்?' என்பதே. நாம் அமைச்சர்களின் கட்சியிலேயே நிற்கின்றோம். இக்கட்டுரை மன்னனின் கட்சியில் நின்று, எம் வட்டாரமாகிய விக்கிரமசிங்கபுரத்துச் சாலைகளை நோக்க முயல்கிறது.

சங்கு ஊதிய காலம்

சிவஞான முனிவரைத் தமிழுக்குத் தந்த ஊர் விக்கிரமசிங்கபுரம் என்பதைத் தமிழ்த்துறை மாணவர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. ஆனால் இவ்வூர் ஒரு காலத்தில் மிதிவண்டிகளின் ஊராகவும் விளங்கியது. பாபநாசத்தில் பொருநை இறங்கும் வேகத்தைப் பயன்படுத்தி 1880-களில் ஆர்வி சகோதரர்கள் நிறுவிய நூற்பாலையே அதற்குக் காரணம். 'ஆர்வி மில்' என்றுதான் மக்கள் கூறுவர். மில் சங்கு ஊதியதும் வாயிலிலிருந்து வெளிப்பட்ட மிதிவண்டிக் கூட்டத்தைப் பெரியவர்கள் இன்றும் நினைவு கூர்வர். சாப்பாட்டுத் தூக்குவாளி கைப்பிடியில் ஆட, அம்பாசமுத்திரம் நோக்கி ஒரு வரிசை, சிவந்திபுரம் பக்கம் ஒரு வரிசை. அச்சாலையில் அன்று வேகமாகச் சென்றது பேருந்து ஒன்றே. அதன் ஓட்டுநரும் சங்கின் நேரம் அறிந்தவர்.

அக்காலக் காவலர்கள் மிதிவண்டியை விட்டுவைக்கவில்லை. உள்ளாட்சி வரி கட்டியதற்கான பில்லை உண்டா, பின்னால் ஆள் ஏற்றிச் செல்கிறானா, இரவில் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பர். டைனமோ வாங்க வசதியற்றவர்கள் காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி, உள்ளே மெழுகுவர்த்தி ஏற்றி, ஒரு கையால் பிடித்துக்கொண்டு காவலர் நிற்கும் முக்கைக் கடந்ததாகச் சொல்லிச் சிரிப்பர். சிரிப்புக்கு உரியதுதான், ஒரு கையில் தீயும் ஒரு கையில் வண்டியுமாகச் செல்வது எத்துணை ஆபத்து! எனினும் அச்சட்டத்தில் ஒரு பொருள் இருந்தது. இளமையில் யாம் மாலை வகுப்பு முடிந்து விளக்கில்லாத வண்டியில் வீடு திரும்புவதைக் கண்ட எம் தந்தையார் ஒருநாள் வண்டியைப் பூட்டிவைத்துவிட்டார். 'தெரு விளக்கு எரியுதே, பாதை நல்லாத் தெரியுதே' என்று யாம் வாதிட்டோம். அவர் சொன்னார்: 'ஏலே, வெளக்கு நீ பாக்கிறதுக்கு இல்லலே. ஒன்னய மத்தவன் பாக்கிறதுக்கு.'

பின்னர் யாம் படித்த சாலைப் பாதுகாப்பு நூல்களில் இதற்கு மேல் ஒன்றும் பெரிதாக இருக்கவில்லை.

உரிமமும் இல்லை, பாடமும் இல்லை

மில் சங்கின் காலம் போயிற்று. பில்லை போயிற்று. மிதிவண்டிக்கு விளக்குப் பார்க்கும் காவலரும் போயினர். ஒருவகையில் இது ஏழைகளுக்குக் கிடைத்த விடுதலையே. ஆயின் மிதிவண்டியைச் சட்டம் மறந்தபோது, அதனை ஓட்டுபவரையும் சேர்த்து மறந்துவிட்டது என்பதே எம் கருத்து.

1989 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி மிதிவண்டி மோட்டார் வாகனம் அன்று. ஆதலின் அதற்கு ஓட்டுநர் உரிமம் வேண்டுவதில்லை. உரிமம் இல்லாதவிடத்துத் தேர்வும் இல்லை. தேர்வு இல்லாதவிடத்துப் படிப்பும் இல்லை. இருசக்கர மோட்டார் வண்டி ஓட்ட விழைவோன் பழகுநர் உரிமத்துக்காகவேனும் சாலைக் குறிகள் சிலவற்றை மனப்பாடம் செய்கிறான். மிதிவண்டியில் பள்ளி செல்லும் பதினாறு வயதுப் பெண், அதே சாலையில், அதே லாரிகளுக்கிடையே, ஒரு குறியும் கற்பிக்கப்படாமல் செல்கிறாள்.

அவளுக்கு அவ்வண்டியை வழங்கியதும் அரசே என்பதுதான் வியப்பு. 2001-02-ஆம் ஆண்டில் மேனிலை வகுப்பில் பயிலும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியர்க்கெனத் தொடங்கப்பட்ட மிதிவண்டித் திட்டம், சில ஆண்டுகளில் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் மாணவ மாணவியர் அனைவர்க்கும் விரிந்தது. 2022-இல் மட்டும் 6 லட்சத்து 35 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் வழங்கத் திட்டமிடப்பட்டது. கிராமத்துப் பெண்களின் கல்வியை இத்திட்டம் உயர்த்தியதை யாம் எம் வகுப்பறைகளிலேயே காண்கின்றோம். மேனிலைப் பள்ளிக்கு நடந்துசெல்ல இயலாமல் நின்றிருக்கக்கூடிய மாணவியர் பலர் இன்று இளங்கலை, முதுகலை என்று பயில்கின்றனர். திட்டத்தில் யாம் காணும் குறை ஒன்றே. வண்டியோடு பூட்டும் சாவியும் தரப்படுகின்றன. சாலையில் அதனைச் செலுத்தும் முறை தரப்படுவதில்லை.

மிதிவண்டியைக் கற்பிப்பது தமிழகம் அறியாத கலை அன்று. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தோடு இணைந்து பெண்கள் மிதிவண்டி கற்ற வரலாறு உலகறிந்தது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு முன்னின்றார். ஊர்தோறும் பயிற்சி முகாம் வைத்து, விழுந்தவரைத் தூக்கி நிறுத்தி, பல்லாயிரம் பெண்களுக்குக் கற்பித்தனர். இதழாளர் பி. சாய்நாத் அதனை எழுதி உலகின் பார்வைக்குக் கொணர்ந்தார். அங்கு முஸ்லிம் பெண்களும் துணிந்து வண்டியேறினர் என்பதை எம் சமுதாயப் பெரியவர்கள் கருத்தில் கொள்வார்களாக. ஓட்டக் கற்பித்த அந்த இயக்கத்தை ஒத்த வேறொன்று, சாலையில் ஓட்டக் கற்பிக்க இன்று வேண்டப்படுகின்றது.

எண்கள் கூறுவன

எண்களை அடுக்கி வாசகரைச் சோர்வுறுத்த யாம் விரும்பவில்லை. ஆயினும் சிலவற்றைக் கூறாமல் இயலாது. 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தோர் 1,68,491 பேர். அவருள் இருசக்கர மோட்டார் வண்டியினர் ஏறத்தாழ 75 ஆயிரம். நடந்து சென்றோர் 32 ஆயிரத்துக்கும் மேல். மிதிவண்டியினர் ஏறத்தாழ 4,800. காரின் இரும்புக்கூட்டினுள் இருந்தோரைவிட வெளியே இருந்தோரே மிகப்பலர் என்பது இதனால் விளங்கும்.

தமிழகக் கணக்கு இன்னும் பாடம் தருவது. 2016-இல் இம்மாநிலத்தில் சாலை விபத்துகளில் இறந்தோர் 17,218 பேர். 2019-இல் அது 10,525 ஆகக் குறைந்தது. மூன்றே ஆண்டுகளில் இத்துணை இறக்கம் எவ்வாறு நிகழ்ந்தது? காரணம் ஒன்றல்ல. கோவை எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் தொடுத்த பொதுநல வழக்கினால் உச்சநீதிமன்றம் 2014-இல் சாலைப் பாதுகாப்புக் குழு ஒன்றை அமைத்தது. அதிவேகம், குடிபோதை, சிவப்பு விளக்கை மீறல், ஓட்டும்போது கைபேசியில் பேசுதல், மிகைச்சுமை, சரக்கு வாகனத்தில் ஆளேற்றல் ஆகியவற்றுக்கு உரிமத்தைக் குறைந்தது மூன்று மாதம் நிறுத்தி வைக்குமாறு அக்குழு 2015-இல் மாநிலங்களைப் பணித்தது. 2015 ஜூலை முதல் தலைக்கவசம் கட்டாயம் எனச் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. நெடுஞ்சாலை ஓர மதுக்கடைகளை அகற்றுமாறு உச்சநீதிமன்றம் 2016 டிசம்பரில் தீர்ப்பளித்தது. பின்னர் அது பலவாறு தளர்த்தப்பட்டது வேறு கதை. 2008 முதல் ஓடிவரும் 108 ஊர்திகள் பெருகின. காவல்துறை அபராதத்தோடு நில்லாமல் உரிமங்களை முடக்கப் பரிந்துரைத்தது.

2022-இல் இறந்தோர் தொகை 17,884. இறங்கிய ஏணியில் நாம் மீண்டும் ஏறிவிட்டோம். ஊர்திகள் பெருகியதும் ஒரு காரணமே. ஆயினும் 2016-க்கும் 2019-க்கும் இடையிலும் ஊர்திகள் பெருகத்தான் செய்தன. கண்காணிப்பு தொடர்ந்தால் சாவு குறைகிறது, தளர்ந்தால் கூடுகிறது. இதற்குமேல் வேறு சான்று வேண்டுமோ?

எதனைப் பிடிப்பது?

விக்கிரமசிங்கபுரத்திலிருந்து அம்பாசமுத்திரம் வரையுள்ள சாலையில் நாள்தோறும் செல்வோர் ஒரு காட்சியைக் காண்பர். இரும்புத் தடுப்பு வைத்து, ஓரமாகக் காவலர் நின்று, தலைக்கவசமில்லாத இருசக்கர வண்டியினரை நிறுத்துவர். 2022 அக்டோபர் முதல் அதற்கு அபராதம் 1,000 ரூபாய். இது வேண்டியதே, தலைக்கவசம் உயிர்காக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் தலைக்கவசம் அணிந்தவனின் தலையை மட்டும் காக்கும். அவன் முன்னே செல்லும் மிதிவண்டியினரைக் காப்பது அவனது வேகக் குறைவு ஒன்றே.

இங்கே பள்ளிக் கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் 10 மீட்டர் கடக்கும். 72 கிலோமீட்டரில் 20 மீட்டர். மிதிவண்டிச் சிறுமி தடுமாறுவதைக் கண்டு ஓட்டுநரின் கால் பிரேக்கைத் தொடவே ஏறத்தாழ ஒரு நொடி ஆகும். அதற்குள் முன்னவன் பத்து மீட்டரும் பின்னவன் இருபது மீட்டரும் வந்துவிடுகின்றனர். மோதினால் விழும் அடியோ இருமடங்கு அன்று, நான்கு மடங்கு. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதை இயற்பியல் துறை நண்பர்கள் விளக்குவர். நடப்போரும் மிதிவண்டியினரும் ஊர்திகளோடு கலந்து செல்லுமிடங்களில் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் கூடாது என 2020-இல் ஸ்டாக்ஹோம் நகரில் கூடிய உலக மாநாடு பரிந்துரைத்ததன் காரணம் இதுவே.

ஆகவே உள்ளூர்க் காவல்துறை முதலில் நோக்க வேண்டுவன சில உள. பள்ளி தொடங்கும் அரைமணி, விடும் அரைமணி ஆகிய நேரங்களில் வேகம். எதிர்த்திசையில் வருதல், 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின் சட்டத்தின் 184-ஆம் பிரிவு இதனை ஆபத்தான ஓட்டுதலில் சேர்த்துள்ளது. கடைவீதியில் சாலையோரத்தை அடைத்து நிறுத்தப்படும் ஊர்திகள். ஆபத்தான நிலையில் வண்டியை விடுவதை 122-ஆம் பிரிவு தடுக்கிறது. இது சிறு குற்றமெனத் தோன்றும். ஆனால் மிதிவண்டியினர் ஓரத்தை விட்டு நடுச்சாலைக்குத் தள்ளப்படுவது பெரும்பாலும் இந்த நின்ற வண்டிகளாலேயே. நிற்கும் காரின் கதவு திடீரெனத் திறந்து அடிபடுவோரும் உளர். இரவில் கண்கூச வைக்கும் முகப்பு விளக்கு இன்னொன்று. கடையம் வழியாகக் கேரளம் செல்லும் கனிமச் சுமை லாரிகளைப் பற்றி இவ்வட்டார மக்கள் பலகால் குரலெழுப்பியுள்ளமையையும் ஈண்டுக் குறிக்கலாம்.

பதினெட்டு வயது நிரம்பாத மகனிடம் மோட்டார் வண்டியைக் கொடுத்துவிட்டுப் பெருமையோடு வாயிலில் நிற்கும் பெற்றோரும் இச்சமுதாயத்தில் உளர். அவன் குற்றம் இழைத்தால் 199அ பிரிவின்படி பெற்றோர்க்கு மூன்றாண்டுவரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு என்பதை ஜமாஅத் கூட்டங்களில் ஒருமுறை படித்துக் காட்டினால் நன்று. பாதைக்கும் உரிமை உண்டு, அதனைக் கொடுங்கள் என்று நபிகள் நாயகம் (ஸல்) தம் தோழர்க்கு அறிவுறுத்தியதையும், தொல்லை தருவதைப் பாதையிலிருந்து அகற்றுவதை அறமாகக் கூறியதையும் நாம் அறிவோம். வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் முன்பு சாலையை அடைத்து வண்டியை நிறுத்துவோர்க்கு அதே பள்ளிவாசலின் உள்ளே அவ்வுரை சொல்லப்படுகிறது! இதனைக் கூறுவதில் எமக்கும் வெட்கமுண்டு. யாமும் அவ்வாறு நிறுத்தியவரே.

காவல்துறையால் இயலுமா என்போர்க்கு எம் ஊரே விடை வைத்துள்ளது. ஆடி அமாவாசையன்று காரையாறு சொரிமுத்தையனார் கோயிலுக்குப் பெருந்திரள் வருகிறது. அண்மை ஆண்டுகளில் தனியார் ஊர்திகளை அகஸ்தியர்பட்டியில் நிறுத்திவிட்டு, அரசுப் பேருந்துகளில் மக்களை மேலே அனுப்பும் முறையைக் காவல்துறையும் மாவட்ட நிர்வாகமும் கையாண்டு வருகின்றன. குறுகிய மலைப்பாதையில் பெருங்கூட்டம் ஏறி இறங்குகிறது. ஆண்டுக்குச் சில நாட்கள் இத்துணைத் திட்டமாக இயங்க முடியுமெனில், பள்ளி நாட்களில் இருவேளை அரைமணி இயங்க முடியாதா?

அச்சமும் நம்பிக்கையும்

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். காவலர் வகுப்பறைக்கு வந்து பாடம் சொல்ல வேண்டுமெனில், மாணவர் அவரை அஞ்சாதிருக்க வேண்டும். 2023 மார்ச்சில் அம்பாசமுத்திரம் உட்கோட்டக் காவல் நிலையங்களில் விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்டோர் துன்புறுத்தப்பட்டதாக எழுந்த புகார்களும், அவற்றின்மேல் நடந்த விசாரணைகளும் நாடறிந்தவை. அவ்வழக்கில் தீர்ப்புக் கூறுவது எம் பணியன்று. ஆனால் சீருடையைக் கண்டதும் சந்துக்குள் வண்டியைத் திருப்பும் இளைஞன் அந்தத் திருப்பத்திலேயே விபத்துக்குள்ளாகக் கூடும். அபராதச் சீட்டில் என்ன பிரிவு, எத்துணைத் தொகை என்பதை எழுதிக் கொடுத்து, மரியாதையோடு பேசி அனுப்பும் காவலர் ஒருவர் நின்றாலே அச்சம் பாதி நீங்கும். அடிபட்டவரைத் தூக்கினால் வழக்கில் மாட்டுவோம் என்ற பழைய அச்சமும் இத்தகையதே. உதவுவோரைத் துன்புறுத்தலாகாது என 2016-இல் உச்சநீதிமன்றம் நெறிமுறைகளை உறுதி செய்தது. 2019 திருத்தத்தில் 134அ பிரிவாக அது சட்டத்திலும் ஏறியது. 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தின்படி விபத்தில் சிக்கியவர்க்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, அத்திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில், கட்டணமின்றிக் கிடைக்கும். இவ்விரண்டையும் அறியாத பட்டதாரிகளை யாம் ஆண்டுதோறும் உருவாக்கி அனுப்புகின்றோம்.

நெதர்லாந்து கற்றது

மிதிவண்டியின் நாடெனப் புகழப்படும் நெதர்லாந்தும் தொடக்கம் முதல் அவ்வாறிருக்கவில்லை. 1971-இல் அச்சிறு நாட்டின் சாலைகளில் ஏறத்தாழ 3,300 பேர் மாண்டனர். அவருள் நானூற்றுக்கும் மேற்பட்டோர் சிறுவர். தன் மகளைச் சாலையில் பறிகொடுத்த இதழாளர் ஒருவர் 'சிறார் கொலையை நிறுத்துங்கள்' என எழுதினார். அத்தொடரே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. பெற்றோர் தெருக்களில் அமர்ந்தனர். சாலைகளின் அமைப்பே மாறியது. அதற்கும் நெடுநாள் முன்னரே, 1932 முதல், அங்கே பள்ளிச் சிறார்க்குச் சாலைத் தேர்வு நடந்து வந்தது. தொடக்கப்பள்ளியின் இறுதியில் பதினொன்று, பன்னிரண்டு வயதுச் சிறார் எழுத்துத் தேர்வோடு, மெய்யான தெருக்களில் மிதிவண்டி ஓட்டியும் காட்டுவர். திரும்புமுன் பின்னால் பார்த்தானா, கைகாட்டினானா, முந்துரிமை கொடுத்தானா என்று வழிநெடுக நிற்போர் குறித்துக்கொள்வர். கல்வி முன்பே இருந்தும் 1971-இல் சாவு உச்சத்தைத் தொட்டது என்பதையும் மறத்தலாகாது. கல்வி மட்டும் போதாது; வலியவனின் வேகத்தைத் தடுக்கும் கையும் வேண்டும்.

நாம் செய்யக்கூடுவது

விக்கிரமசிங்கபுரம் நெதர்லாந்து ஆகவேண்டுமென யாம் கனவு காணவில்லை. மேனிலைப் பள்ளிகளில் மிதிவண்டி வழங்கும் நாளே பாடத்துக்கும் நாளாகட்டும் என்பதே எம் வேண்டுகோள். மேடையில் வாழ்த்துரைகள் நிகழும் நேரத்தில் பாதியை ஒதுக்கினால் போதும். காவல் நிலையத்திலிருந்து ஓர் உதவி ஆய்வாளர் வரவேண்டும். அவர் அறிவுரை கூறவேண்டாம். மைதானத்தில் சுண்ணாம்பால் சாலை வரைந்து, ஒரு வேனை நிறுத்தி, அதன் ஓட்டுநர் இருக்கையில் மாணவியர் ஒவ்வொருவரையும் ஏற்றி அமர்த்தினால் போதும். இடப்புறப் பின்சக்கரத்தருகே நிற்கும் தோழி அங்கிருந்து தெரியவில்லை என்பதை ஒருமுறை தம் கண்ணால் கண்டவர், திரும்பும் லாரியின் இடப்பக்கம் ஒருநாளும் நுழையார். பிரேக் கட்டையைப் பார்ப்பது, துப்பட்டாவும் சேலை முந்தானையும் சக்கரத்தில் சிக்காமல் செருகுவது, இருவர் மூவராக இணைந்து செல்லாமல் ஒருவர்பின் ஒருவராகச் செல்வது, வலப்புறம் திரும்பக் கைகாட்டுவது என்று சிலவே உள. ஒருமணி நேரத்துக்குள் அடங்கும்.

விளக்குக்கு வருவோம். 2020-இல் ஒன்றிய அரசு மிதிவண்டிகளின் ஒளிதிருப்பும் வில்லைகளுக்குத் தரக்கட்டுப்பாட்டு ஆணை பிறப்பித்துள்ளது. புதிய வண்டிகளின் நிலை அது. ஊரில் ஓடும் பழைய வண்டிகளுக்கு நாமே ஒட்டவேண்டும். லாரிப் பட்டறைகளில் கிடைக்கும் சிவப்பு, மஞ்சள் ஒளிப்பட்டையின் ஒரு சாண் துண்டு பின் மட்கார்டுக்குப் போதும். பால்காரர், பேப்பர் போடும் பையன், விடியலுக்கு முன் வயலுக்குச் செல்வோர் ஆகியோரின் வண்டிகளே முதலில் ஒட்டத்தக்கவை. காவலர் அபராதம் எழுதுவதற்குப் பதில் ஒரு பட்டையை ஒட்டி அனுப்பும் மாலைப்பொழுது ஒன்று மாதத்துக்கு ஒருமுறை அமைந்தால், சீருடையின்மேலுள்ள அச்சமும் சற்றுக் குறையும்.

காவலராலும் ஆகாதது ஒன்றுண்டு. பழைய தாரின்மேல் மீண்டும் மீண்டும் தார் போட்டுச் சாலை உயர, ஓரம் பள்ளமாகிவிடுகிறது. பேருந்துக்கு வழிவிட இறங்கும் மிதிவண்டி அந்த விளிம்பில் வழுக்கிச் சாய்வதை யாம் பலமுறை கண்டுள்ளோம். மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பின்னரே புதிய தார் போடவேண்டுமென 2021-இல் தமிழகத் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தினார். எங்கெங்கே விளிம்பு ஒரு கைப்பிடிக்கு மேல் உயர்ந்துள்ளது என்று அளந்து நகராட்சிக்கும் நெடுஞ்சாலைத்துறைக்கும் எழுதுவது மாணவர் செய்யக்கூடிய பணி. ஓர் அளவுகோலும் குறிப்பேடும் போதும்.

சென்ற கல்வியாண்டில் எம் துறை மாணவர் இருபதின்மரிடம், 'வலப்புறம் திரும்புமுன் மிதிவண்டியில் என்ன செய்வீர்?' என வகுப்பில் கேட்டோம். பத்தொன்பதின்மர் 'மணி அடிப்போம்' என்றனர். ஒரு மாணவி மட்டும் 'பின்னால் திரும்பிப் பார்ப்பேன்' என்றாள். யார் கற்பித்தார் என்று வினவினோம். அவள் அண்ணன் லாரி ஓட்டுகிறானாம். அப்படியோர் அண்ணன் இல்லாத பத்தொன்பதின்மர்க்காகக் கல்லூரியின் வாகன நிறுத்திடத்தை ஞாயிறு முற்பகலில் திறந்துவிடுமாறு முதல்வர் அவர்களிடம் விண்ணப்பித்துள்ளோம். சுண்ணாம்புக்கும் ஒளிப்பட்டைக்கும் ஆகும் செலவை முன்னாள் மாணவர் சிலர் ஏற்றுள்ளனர். காவல் நிலையத்துக்குக் கடிதம் எழுதி வைத்துள்ளோம். இம்மலர் அச்சேறும் வாரத்தில் அதனை நேரில் கொண்டு கொடுப்பதாக இருக்கிறோம்.